பாடாமல் நிற்கும் இரவுகள்: ஒரு வில்லிசைப் புலவரும் கொப்பரை வியாபாரியும்

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தைச் சேர்ந்த வில்லிசைப் புலவர் (வில்லுப்பாட்டுப் பாடுபவர்) ஒருவரின் கணக்கு நோட்டில் ஆறு பதிவுகள் முழுமையடையாமல் இருந்தன. 2020இல் மூன்று, 2021இல் மூன்று. ஒவ்வொன்றிலும் தேதி உண்டு, அச்சாரமாகப் பெற்ற தொகை உண்டு, கொடுத்தவர் இன்னார் என்பதும் உண்டு. கோயிலின் பெயரும், கொடை எனப்படும் கோயில் விழாவின் நாளும் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. ஆறு இடத்திலும் கொடுத்தவர் ஒரே ஆள், ஒரு கொப்பரை வியாபாரி. அவர் 2022இல் காலமானார். வாங்கிய அச்சாரத்துக்குப் பாட வேண்டிய அந்த ஆறு இரவுகளை என்ன செய்வது என்று புலவரும் அவர் குழுவினரும், வியாபாரியின் மகனும், அக்கம்பக்கத்துப் புலவர்கள் இருவரும் பேசியதும் பிணங்கியதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

இருவர் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். வியாபாரி உயிரோடு இருந்தபோதே தன் பெயர் மைக்கில் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர். ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். இங்கும் அவர் அண்ணாச்சி. மற்றவர் புலவர்.

கொடையும் கூலியும்

வில்லுப்பாட்டை மேடையிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே பார்த்தவர்களுக்கு அது ஓரிரு மணி நேர நிகழ்ச்சி. நாஞ்சில் நாட்டில் அது கொடை விழாவின் ஓர் உறுப்பு. சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ இசக்கிக்கோ கொடை நடக்கும் இரவில் அந்தத் தெய்வத்தின் கதையைப் பாடியாக வேண்டும். சாமக் கொடை என்ற நள்ளிரவுப் பூசை நெருங்கும் நேரத்தில் கதையும் உச்சத்தை நெருங்க வேண்டும்; சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும் கணம் பாட்டின் வேகத்தைச் சார்ந்தது. முந்திப் பாடினாலும் பிந்திப் பாடினாலும் பழி புலவர் மேல்தான் விழும். வில்லின் நாணில் வீசுகோலை அடிப்பவர் அவர். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு என்று அவரோடு அமர்ந்திருப்பவர்களுக்கும் அந்த இரவின் கூலியில் பங்கு உண்டு.

பங்குனியில் தொடங்கி ஆவணி வரை ஓடும் கொடைக் காலம்தான் ஆண்டு வருமானத்தின் முதுகெலும்பு. பணம் பெரும்பாலும் வீடுதோறும் பிரிக்கும் தலைக்கட்டு வரியிலிருந்து வருகிறது. வரி கொடுக்கப் பத்து வீடுகூட இல்லாத கோயில்களில், யாரோ என்றோ பாடிய கதையைப் பென் டிரைவில் போட்டு ஒலிபெருக்கியில் விட்டுவிடுகிறார்கள். தெய்வம் கேட்டுக்கொள்கிறது. கோமரத்தாடிதான் பாவம், பாட்டுக்கு ஏற்றபடி அவர் ஆட வேண்டியிருக்கிறது.

தனிமனித ஆதரவுக்கும் இந்த இரவுகளில் ஒரு முறை இருக்கிறது. கேட்பவர்கள் நூறோ இருநூறோ சீட்டோடு சேர்த்து அனுப்புவார்கள். புலவர் பாட்டை நிறுத்தி, இன்னார் அன்பளிப்பாக இவ்வளவு வழங்கினார், அவர் குடும்பம் நீடூழி வாழ வேண்டும் என்று வாசிப்பார். கணவனைப் பழிவாங்க நீலி கிளம்பிய இடத்தில் கதை நின்று, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வாழ்த்து சொல்லிவிட்டு, மறுபடியும் நீலி கிளம்புவதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். யாருக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. பணம், பெயர், வாழ்த்து மூன்றும் ஒரே நிமிடத்தில் கைமாறி, கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அண்ணாச்சியின் கணக்கு அப்படித் தீரவில்லை.

கொடுத்த விதம்

புலவருக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. தந்தை பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். பையன் விடுமுறை நாட்களில் அண்ணாச்சியின் களத்துக்குத் தேங்காய் உடைக்கப் போனான். தாய்மாமன் ஒரு குழுவில் குடம் அடித்தவர் என்பதால் பாட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. முறையாகக் கற்க வேண்டுமென்றால் தோவாளைப் பக்கத்தில் இருந்த ஓர் அண்ணாவியின், அதாவது ஆசானின், வீட்டில் தங்க வேண்டும். தங்கினால் சாப்பாட்டுக்கு நெல் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி ஆண்டுக்கு ஒரு கோட்டை (பழைய முகத்தல் அளவு) நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அண்ணாவியிடம் அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “இது பையனின் கூலியில் பிடித்தது.”

பையனும் அப்படியே நம்பினான். தன் உழைப்பில்தான் தான் படிக்கிறோம் என்ற நிமிர்வோடு அந்த வீட்டில் இருந்தான். கூலியில் ஒரு காசுகூடப் பிடிக்கப்படவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் தாயார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

தனிக்குழு தொடங்கியபோது வில்லும் மணிகளும் குடமும் வேண்டியிருந்தன. அண்ணாச்சி ஒரு செட் வாங்கி “வாடகைக்கு” என்றார். வாடகை எவ்வளவு என்று இவர் கேட்டதற்கு, முதலில் பாடு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தப் பேச்சு கடைசிவரை நடக்கவே இல்லை. ஒன்று மட்டும் மாறியது. அதுவரை “மக்கா” என்று கூப்பிட்டவர், இவர் நடுவில் அமர்ந்து வில்லடித்த முதல் இரவின் மறுநாளிலிருந்து “புலவரே” என்றார். அதன்பின் ஒருநாளும் மக்காவுக்குத் திரும்பவில்லை. தனக்குக் கிடைத்தவற்றில் இதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார் புலவர்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் படுத்துவிட்டன. அண்ணாச்சியின் தோப்பிலும் மரங்கள் சரிந்து கிடந்தன. புலவர் தன் குழுவோடு கோடாரி, அரிவாள் எடுத்துக்கொண்டு போய், கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கினார். ஒருமுறையாவது திருப்பிச் செய்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு கிளம்பியபோது ஒவ்வொருவர் கையிலும் அன்றைய கூலியைத் திணித்து அனுப்பினார் அண்ணாச்சி. அந்தக் கதையைச் சொல்லும்போது புலவரின் குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. இந்தக் கோபத்தை விட்டுவிட்டு அவருடைய நன்றியைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். திருப்பிச் செய்ய இடமே கொடுக்காதவரிடம் வாங்கிக்கொண்டே இருப்பது லேசான காரியம் இல்லை.

2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கோயில்கள் மூடின. கொடைக் காலம் தொடங்கும் நேரம் பார்த்து அத்தனை கொடைகளும் நின்றன. வாங்கியிருந்த அச்சாரங்களைச் சில ஊர்கள் திருப்பிக் கேட்டன. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது, புலவரும் அதில் உறுப்பினர். குழுவில் பாதிப் பேர் உறுப்பினர்கள் இல்லை. அந்தச் சமயத்தில் அண்ணாச்சி தன் டி.வி.எஸ். 50இல் வந்து திண்ணையில் பணத்தை வைத்தார். “கொடை என்றைக்காவது நடக்கும். அதற்கு அச்சாரம். நோட்டில் எழுதும், புலவரே.” எந்தக் கோயில் என்று கேட்டார் புலவர். பிறகு சொல்கிறேன் என்றார் அவர். தொகை அச்சாரத்துக்கு உரியதாகவும் இல்லை. ஓர் இரவின் முழுக்கூலி அது.

இன்னும் இரண்டு முறை அப்படியே வந்தார். 2020 செப்டம்பரில் கோயில்கள் திறந்தும் கொடைகள் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் மறுபடியும் கதவடைப்பு, மறுபடியும் மூன்று அச்சாரம். ஒவ்வொரு முறையும் புலவர் பணத்தைக் குழுவினருக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். 2021 முடியும் தறுவாயில் விடாமல் கேட்டதற்கு அண்ணாச்சி இரண்டு வாக்கியம் சொன்னார். வில்லு வைக்க வசதியில்லாத கோயில் எதுவோ அங்கே பாடு. என் பெயரைச் சொல்லாதே.

பொய்யை மெய்யாக்குதல்

காரியம் எல்லாம் முடிந்த பிறகு புலவர் நோட்டை எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனார். மகன் சொன்னது நியாயமாகவே இருந்தது: “அப்பா அதை ஒரு பேச்சுக்குச் சொன்னார். உங்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை, அண்ணே.”

அண்ணாச்சியின் மனத்தை மகன் சரியாகவே படித்திருந்தார் என்பது என் எண்ணம். நெல்லுக்குக் “கூலி” என்றவர், வில்லுக்கு “வாடகை” என்றவர், பசிக்குக் கொடுத்ததை “அச்சாரம்” என்றார். மூன்றும் ஒரே கை செய்த வேலை. எதிரில் நிற்பவன் கையேந்தியவனாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வியாபாரி தனக்குத் தெரிந்த கணக்குப்பிள்ளை மொழியில் சொன்ன மூன்று பொய்கள்.

வியப்பு என்னவென்றால், புலவருக்கும் இது தெரிந்திருந்தது. நான் கேட்டபோது தயங்காமல் சொன்னார்: “தெரியாமல் என்ன? நான் கூச்சப்படக் கூடாதென்று அண்ணாச்சி ஒரு பொய் சொன்னார். அது பொய் என்று நானும் ஒப்புக்கொண்டால் நான் வாங்கியது பிச்சை. நான் பாடிவிட்டால் அவர் சொன்னது மெய். அவரைப் பொய்யராக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.”

நன்றியைப் பற்றி நான் கேட்டவற்றில் இது புதிது. பொதுவாகப் பெற்றவர் தன் நன்றியைச் சொல்லும்போது முதலில் செய்வது, கொடுத்தவரின் மறைப்பை விலக்கி, அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று ஊரறியச் சொல்வது. புலவர் அந்த மறைப்பையே காப்பாற்ற நினைத்தார். அண்ணாச்சி தன்னிடம் மரியாதைக்குச் சொன்ன ஒன்றை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். ஆறு இரவு என்றால் ஆறு இரவு.

முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது. பாட்டுக்குள் அண்ணாச்சியை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

முதல் முயற்சி: ஒரு கதை

வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. காப்பு பாடி, வருபொருள் உரைத்து, குருவடி வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, கதைக்குள் நுழைந்து, வாழி பாடி முடிப்பார்கள். கொடுத்தவர்களுக்கு உரிய இடம் வாழி. ஆனால் வாழியில் பாட வேண்டுமென்றால் பெயர் வேண்டும், ஆளும் உயிரோடு இருக்க வேண்டும். எனவே புலவர் பெரிதாக யோசித்தார். அண்ணாச்சிக்கே ஒரு கதை கட்டினார்.

முதல் இரவு 2023இல் ஒரு சிறிய மாடன் கோயிலில் நடந்தது. மாடன் கதைக்கு முன்னால் இந்தக் கதையைப் பாடினார். பெயருக்குப் பதிலாக வணிகன் என்றே எங்கும் வந்தது. சிறுவயதில் தந்தையை இழந்த வணிகன், உழைத்து உயர்ந்த வணிகன், ஈகையில் கர்ணன். அரை மணி நேரத்தில் பெண்கள் தேநீர் போட எழுந்துவிட்டார்கள். பிள்ளைகள் தூங்கின. உடுக்கைக்காரருக்கு எங்கே வேகம் கூட்டுவதென்று தெரியவில்லை, ஏனென்றால் எங்கேயும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. விடிந்தபின் கோமரத்தாடி சொன்ன விமரிசனத்தைவிடச் சிறந்த ஒன்றை நான் எழுத முடியாது: “நல்ல மனிதர்தான். ஆனால் அவரை யாரும் வெட்டவில்லையே.”

வில்லுப்பாட்டுக் கதைகளின் மொத்த வாழ்வும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முத்துப்பட்டன் தன் மனைவியரின் தந்தையுடைய மாடுகளைக் காக்கப் போய்க் குத்துப்பட்டுச் சாகிறான். நீலி கணவனால் கொல்லப்பட்டவள். 1635இல் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் நின்ற இரவிக்குட்டிப் பிள்ளை போர்க்களத்தில் மடிந்ததால்தான் பாட்டில் நிலைத்தார். அநியாயமாகச் செத்தவர்களுக்கு ஊர் செலுத்தும் பாக்கி இந்தக் கதைகள். அச்சமும் குற்ற உணர்வும் கலந்துதான் அவற்றுக்கு வேகம் பிறக்கிறது. அண்ணாச்சிக்கு ஊர் எந்தத் தீங்கும் செய்யவில்லை. எண்பதைத் தாண்டிய வயதில், இரவுக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்து, தன் கட்டிலில் போனவர் அவர். படுக்கையில் செத்தவனுக்கு வில்லில் கதை கிடையாது.

அந்தக் கதையை எழுதிவைத்திருந்த நோட்டை வாங்கிப் படித்தேன். ஒக்கி புயலைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. அதில் மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. மிச்சமெல்லாம் நற்குணப் பட்டியல். மகனுக்கு மட்டும் கர்ணன் உவமை மிகவும் பிடித்திருந்தது.

இதே நாஞ்சில் மண்ணில் கொடையாளி ஒருவனைப் பாடிய பழைய முன்மாதிரி ஒன்று இருப்பதைப் புலவரிடம் சொன்னேன். நாஞ்சில் வள்ளுவன் மீது ஔவையார் பாடிய புறநானூறு 140ஆம் பாட்டு. விறலியர் கொல்லையில் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டோம். அவனோ குன்று போன்ற யானையைக் கொடுத்துவிட்டான். நாஞ்சில் தலைவன் மடையன்தான் என்கிறாள் ஔவை. வள்ளுவனின் பிறப்பு வளர்ப்பு, குணநலன் எதையும் அவள் அங்கே அடுக்கவில்லை. ஒரு நாள், ஒரு கேட்பு, அளவு தெரியாத ஒரு கொடுப்பு. அதன் மேல் ஒரு செல்லத் திட்டு. அவ்வளவில் ஆள் முழுமையாகத் தெரிந்துவிடுகிறான். இதைக் கேட்டுப் புலவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: “சரி, அந்த யானைக்குத் தீனி போட ஔவை என்ன செய்தாள்?”

அந்தக் கேள்வி விளையாட்டாக வந்ததன்று என்பது பின்னால் கூலிப் பேச்சு எழுந்தபோது புரிந்தது.

இரண்டாம் முயற்சி: குருவடி

அடுத்த இரவில் கதையை விட்டுவிட்டார். குருவடி பாடும்போது தன் அண்ணாவியின் பெயரைச் சொல்லி, அடுத்த அடியில் “நெல்லளந்து என்னைக் கல்வியிலே வைத்தவரை” வணங்கினார். அந்தப் பாட்டைக் கேட்க வந்திருந்த பக்கத்து ஊர்ப் புலவர்கள் இருவரும் மறுநாளே ஆட்சேபம் தெரிவித்தார்கள். நெல் கொடுத்தவர் குரு என்றால் நாளைக்கு மைக்செட்காரரும் குருதான் என்றார் ஒருவர். மற்றவர் நிதானமாகப் பேசினார். யாரிடம் பாடம் கேட்டோம் என்பதற்குக் குருவடிதான் சாட்சி. ஒரு கதை இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பாடப்படும்போது, எந்தப் பாடம் எந்த வழியில் வந்தது என்று குருவடியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதில் வேறு ஆளைச் சேர்த்தால் வழி கலங்கிவிடும்.

நெல் இல்லாவிட்டால் குருவே இல்லையே என்று வாதாடினார் புலவர். எனக்கு அந்த வாதம் செல்லுபடியாகவில்லை. இரண்டாமவர் சொன்னதில் ஒரு கைத்தொழிலின் ஒழுங்கு இருக்கிறது. கற்றுக்கொடுத்தவரும் கைதூக்கிவிட்டவரும் ஒருவராகவே அமைவது உண்டு, அப்போது இந்தச் சங்கடம் வராது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போன கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரான சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப்போய் வளர்த்துவிட்டார். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகத்துக்கு என்.எஸ்.கே. ஆசானும் ஆதரவாளருமாக இருந்தார். ஒரே வணக்கத்தில் இரண்டும் அடங்கும். கையிலிருந்ததை எல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு 1957இல் ஐம்பது வயதுகூட நிறையாமல் போன அவரைத்தான் நாகர்கோவிலில் இன்றும் வள்ளல்தன்மைக்கு அளவுகோலாக வைக்கிறார்கள். அண்ணாச்சிக்கு ஒரு தாளம்கூடச் சரியாக வராது. பாட்டு நடக்கும்போது தப்பான இடத்தில் “ஆமா” போடுவார் என்று குடக்காரர் சொன்னார்.

புலவர் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அடியை எடுத்துவிட்டார்.

மூன்றாவது: நாட்டு வளம்

வழி சொன்னது பின்பாட்டுப் பாடும் பெண், புலவரின் அண்ணன் மகள். நாட்டு வளத்தில் போடலாமே சித்தப்பா என்றாள். நாட்டு வளம் என்பது கதை நடக்கும் மண்ணை வருணிக்கும் பகுதி. பழையாறு, குளங்கள், இருபூ விளையும் வயல், வேளிமலை, மருத்துவாழ் மலை என்று வரிசையாக வரும். புலவருக்குப் புலவர் அதில் கூட்டலும் குறைத்தலும் உண்டு. யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மண்ணுக்குப் பரம்பரைச் சான்று தேவையில்லை. குளத்தையும் தோப்பையும் பாடிவிட்டு மலைக்குப் போகும் முன் நான்கு அடிகளைச் சேர்த்தார்கள்:

வெட்டிவைத்த தேங்காயும் வெயிலிலே காயும்
வேலைகேட்டு வந்தவர்க்குக் கஞ்சிமணம் பாயும்
கொட்டுமழை நாளினிலும் கூலி தவறாது
கொடுத்தவர் யார் என்றுகேட்டால் பேர் கிடையாது

உவமை எதுவும் கிடையாது, புகழ்ச்சியும் கிடையாது. தேங்காய் காயும் களம் ஒன்று அந்த நாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். மழைநாளில் களத்தில் வேலையே இருக்காது என்பது கொப்பரைத் தொழில் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். அந்த மூன்றாம் அடியின் பாரம் அங்கே இருக்கிறது. முதல் தடவை பாடியபோது முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், “இது நம் அண்ணாச்சிதானே” என்று உரக்கச் சொல்லிவிட்டார். பெயர் சொல்லக் கூடாது என்ற வாக்குப் புலவருக்குத்தான், அவருக்கு இல்லை. களத்திலிருந்து தொலைவான ஊர்களில் யாருக்கும் ஆள் தெரிவதில்லை. குளமும் வயலும் போல அதுவும் ஒரு வளம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்று முயற்சிகளில் இதுவே சரியானது என்பேன். ஔவையின் வழியும் இதுதான்: முழு வாழ்க்கை வேண்டாம், ஒரு செயல் போதும்.

யானைக்குத் தீனி

இதுவரை நான்கு இரவுகள் பாடியாகிவிட்டது. எல்லாம் சொந்தமாக வில்லு வைக்க முடியாத கோயில்கள். தேநீரும் சாப்பாடும் ஊர்க்காரர்கள் பொறுப்பு. மற்றச் செலவு புலவருடையது. பணம் 2020லும் 2021லும் அரிசியாகவும் மருந்தாகவும் கரைந்துவிட்டது. குழுவில் அன்று பங்கு வாங்கிய மூவர் இன்னும் இருக்கிறார்கள். உடுக்கையும் ஜால்ராவும் புதியவர்கள். அவர்களுக்கு அண்ணாச்சி யாரென்றே தெரியாது. இன்றைய கூலியும் அன்றைய கூலி இல்லை.

பழையவர்கள் கூலியில்லாமல் பாட வேண்டும் என்று முதலில் எதிர்பார்த்தார் புலவர். குடக்காரர் மறுத்துவிட்டார். “எனக்குத் தந்தபோது நிவாரணம் என்றுதான் வாங்கினேன். அச்சாரம் உங்கள் நோட்டில் இருக்கிறது, என் நோட்டில் இல்லை.” இந்த இடத்தில் நான் குடக்காரர் பக்கம். தன் மனத்துக்குள் ஏற்றுக்கொண்ட கடமைக்கு அடுத்தவனின் இரவை அடமானம் வைக்க முடியாது. அண்ணாச்சியே யாரிடமும் ஓசியில் வேலை வாங்கியதில்லை. ஒக்கி சமயத்தில் நன்றிக்கு வந்தவர்களுக்கும் கூலி கொடுத்தவர். இதைச் சொன்னபோது புலவர் பதில் பேசவில்லை. இரண்டாம் இரவு முதல் பழையவர்களுக்குப் பாதி, புதியவர்களுக்கு முழுக்கூலி என்று ஏற்பாடு ஆயிற்று. பாதி எந்தக் கணக்கில் வந்தது என்று குடக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் ஒரு கருத்து இருக்கிறது. புலவரின் மனைவி ஒருநாள் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னது: “நாங்கள் கடன் வாங்கக் கூடாதென்று அண்ணாச்சி அந்தப் பணத்தைத் தந்தார். இவர் அண்ணாச்சியை நினைத்துக் கடன் வாங்குகிறார்.”

மகனின் சீட்டு

இந்த நிகழ்வில் மகனை எதிராளியாக்கிவிடுவது எளிது. அது சரியாக இருக்காது. தந்தையை இழந்தவர் அவர். தந்தையால் வாழ்ந்த ஒருவர் ஊர் ஊராகப் போய்த் தந்தைக்காகப் பாடுகிறார், ஆனால் தந்தையின் பெயர் எங்கும் கேட்பதில்லை என்பது அவருக்குக் குறையாக இருந்தது. மிச்ச இரவுகளின் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். பதிலுக்கு மேடைக்குப் பின்னால் அப்பாவின் படத்தோடு ஒரு பிளக்ஸ், வாழியில் அப்பாவின் பெயர். புலவர் பிளக்ஸுக்கும் ஒப்பவில்லை, பெயருக்கும் ஒப்பவில்லை. நீங்கள் செலவு செய்தால் வாழியில் உங்கள் பெயரைப் பாடுகிறேன், அதுதான் முறை என்றார். மகனுக்குத் தன் பெயர் தேவைப்படவில்லை. பேச்சு அங்கேயே நின்றது.

நான்காம் இரவில் அவர் சொல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஒரு சிறுவன் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டும் சீட்டும் வந்தன. சீட்டில் அன்பளிப்பு வழங்குபவர் என்று எழுதியிருந்த பெயர் அண்ணாச்சியுடையது. வந்த சீட்டை வாசித்தாக வேண்டும், அது கொடையின் வழக்கம். வாசித்தால் வாக்குப் போய்விடும். புலவர் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, “ஊர் நலம் விரும்பும் அன்பர் ஒருவர் ஐந்நூறு ரூபாய் வழங்கினார், அவர் பிள்ளைகள் அவரைப் போலவே வாழ வேண்டும்” என்று வாசித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். குழுவில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. மகன் எழுந்து போய்விட்டார், பல மாதங்கள் பேச்சில்லை.

வழக்கத்தை மீறிவிட்டார் என்று அந்தப் பக்கத்து ஊர்ப் புலவர்கள் இதற்கும் குறை சொன்னார்கள். முழுப் பெயரை வாசிக்காத சீட்டுக்குப் பணம் வாங்கலாமா என்பது அவர்கள் கேள்வி. பணத்தை மறுநாளே கோயில் உண்டியலில் போட்டுவிட்டதாகப் புலவர் சொல்கிறார். மகன் செய்தது குறும்பா, மன்றாட்டா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் தந்தை பழகிய அதே வித்தையைத்தான் அவரும் கையாண்டார். வேறொரு பெயரில் கொடுப்பது.

மிச்சம் இரண்டு இரவுகள். ஆரல்வாய்மொழிப் பக்கம், முப்பந்தல் இசக்கி கோயில் அளவுக்குக் கூட்டம் வராத ஒரு சிறிய இசக்கி கோயிலில் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். மற்றதற்கு இன்னும் இடம் முடிவாகவில்லை. குடக்காரர் வருகிறார்; முழுக்கூலி என்கிறார். மகன் சமீபத்தில் சமாதானமாகி, மைக்செட் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தகவல் அனுப்பியிருக்கிறார். சீட்டு அனுப்ப மாட்டேன் என்று மட்டும் அதில் இல்லை.